கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்பவர் அங்கே கோயில் எங்கே, பாடசாலை எங்கே, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று விசாரிப்பது வழக்கம். தண்ணீரால் சூழப்பட்ட ஊருக்குச் செல்பவரோ முதலில் வேறொன்றைக் கேட்க வேண்டும். "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்பதே அக்கேள்வி. அந்த ஒரு நேரத்தை அறிந்துகொண்டால், அவ்வூரில் யார் வெளியே தொழிலுக்குப் போகலாம், எந்தப் பிள்ளை மேல்வகுப்புப் படிக்கலாம், இரவில் நோயுற்றவர் என்ன செய்வார் என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எழுவைதீவிலும் வாழ்ந்தவர்களுக்கும், மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போய்வந்தவர்களுக்கும் இதனை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடந்த ஐப்பசி மாதத்தில் இந்தியாவின் கேரள மாநிலத்திலுள்ள கொச்சிக்கு நாம் சென்றிருந்தோம். உவர்நிலத்தில் நெல் விளைவிக்கும் விவசாயிகளைச் சந்திப்பதே எமது நோக்கம். அவர்களுள் ஒரு குடும்பத்தினர் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள வைப்பின் தீவில் தம் வீட்டுக்கு எம்மை இராச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தனர். பாலம் வழியாக பஸ்ஸில் போகலாம் என்று சிலர் கூறினர். நாமோ சனங்களோடு சனங்களாக மாலைப் படகில் போவதென்று தீர்மானித்தோம். அந்தச் சிறு பயணத்தில் கண்டவையும் கேட்டவையும் இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களுக்குப் பயன்படும் என எண்ணியே இதனை எழுதுகிறோம்.

துறைமுகமும் தீவுகளும்

கேரளத்தின் மிகப் பெரிய காயலான வேம்பநாட்டுக் காயல் அரபிக் கடலோடு கலக்கும் வாயிலில் கொச்சி அமைந்துள்ளது. நாம் களப்பு என்பதை அவர்கள் காயல் என்பர். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளமே இந்த வாயிலை அகலமாகத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஆயினும் வாயிலின் குறுக்கே கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே வரவிடவில்லை. 1920-இல் வந்து சேர்ந்த றொபேட் பிறிஸ்ரோ என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் அந்தத் திட்டை வெட்டி வழிசெய்தார். அவ்வாறு தோண்டிய மண்ணைக் கொண்டே காயலின் நடுவில் வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1928-இல் கப்பல் உள்ளே வந்தது.

கப்பலுக்கு வழி பிறந்தது. ஆனால் துறைமுகத்தைச் சுற்றியிருந்த வைப்பின், வல்லார்பாடம், முளவுகாடு, மூலம்பிள்ளி முதலிய தீவுகளின் மக்களுக்குப் படகே கதியாயிருந்தது. கிழக்குக் கரையில் எர்ணாகுளம் நகரம் இருக்கிறது. ஆஸ்பத்திரி, கல்லூரி, நீதிமன்றம், கடை, கூலிவேலை யாவும் அங்கேதான். தீவிலுள்ளவர்கள் காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்ப வேண்டும். ஆகவே அங்கே மாலைப் படகு என்பது உல்லாசப் பயணமன்று. ஒருநாள் உழைப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம் அது.

மாலைப் படகு

எர்ணாகுளம் இறங்குதுறையை நாம் அடைந்தபோது பொழுது சாயும் நேரம். புடவைக் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலைசெய்த இளம்பெண்கள், சீருடை மாற்றாத மாணவர்கள், மீன் விற்று முடித்து வெறும் அலுமினியப் பாத்திரத்தோடு திரும்பும் பெண்கள், மேசன் வேலைக்காரர், கந்தோர் உத்தியோகத்தர் என எல்லாரும் ஒரே வரிசையில் நின்றனர். ரிக்கற் சில ரூபா மாத்திரமே. ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட வராது. இந்தப் படகுகளை நடத்துவது மாநில அரசின் நீர்ப் போக்குவரத்துத் திணைக்களம். 1968-இல் தொடங்கப்பட்ட இத்திணைக்களத்தின் தலைமையகம் ஆலப்புழையில் உள்ளது. கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பதனால் வரும் நட்டத்தை அரசே ஏற்கின்றது. பஸ் ஓடாத இடத்தில் வாழ்வோருக்குப் படகே பஸ் என்ற கொள்கை இதற்கு அடிப்படை.

படகு நடத்தப்படும் முறையை நாம் ஆவலுடன் கவனித்தோம். சுக்கான் பிடிப்பவரைச் சிராங்கு என்கிறார்கள். அவர் முன்புறத்தில் உயரத்தில் நிற்கிறார். இயந்திரத்தை இயக்குபவர் உள்ளே கீழே இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. சிராங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார். அந்த மணியின் கணக்கைக் கேட்டே கீழேயிருப்பவர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பின்னோக்கிச் செலுத்துவதும். கரையில் கயிறு கட்டவும் அவிழ்க்கவும் லஸ்கர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காணாததை மற்றவர் நம்பிச் செய்வதனாலேயே அந்தப் படகு ஓடுகிறது. சங்கம் நடத்துகின்ற எமக்கு இது ஒரு நல்ல பாடமாகத் தோன்றியது.

படகு மேற்கே திரும்பியதும் இடப்பக்கம் வில்லிங்டன் தீவும் வலப்பக்கம் வல்லார்பாடத்தின் உயர்ந்த பாரந்தூக்கிகளும் தெரிந்தன. மழைவெள்ளத்தோடு வந்த ஆற்றுவாழைக் கூட்டங்கள் மிதந்தன. பயணிகள் எவரும் வெளியே பார்க்கவில்லை. சிலர் கண்ணயர்ந்தனர். ஒரு தாய் பிள்ளையின் கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிட அளவில் படகு வைப்பின் கரையைத் தொட்டது. கயிறு கட்டி முடியுமுன்னரே பாதிப்பேர் இறங்கி, காத்துநின்ற பஸ்களை நோக்கி ஓடினர். அந்த பஸ்கள் தீவின் நீளத்துக்கு வடக்கே செல்பவை. படகின் நேரத்தை பஸ் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவான படகு இருந்தும் பயனில்லை.

உவர்நிலத்துச் சோறு

எம்மை அழைத்த வீட்டார் நெல்லும் இறாலும் மாறிமாறி விளைவிக்கும் குடும்பத்தினர். அவர்களது நெல்லுக்குப் பொக்காளி என்று பெயர். கடல்நீர் ஏறி இறங்கும் நிலத்தில் வளரக்கூடிய நெல் இது. சித்திரையில் வயலின் நீரை வடித்து மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். ஆனி மாத மழை அந்த மேடுகளிலுள்ள உப்பைக் கழுவிவிடும். பின்னர் முளைத்த விதையை மேட்டின்மேல் இட்டு, நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிச் சுற்றிலும் பரப்புவார்கள். உரமும் இல்லை, நஞ்சும் இல்லை. பயிர் ஓர் ஆள் உயரத்துக்கு வளரும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரில் நின்று கதிரை மாத்திரம் அறுப்பார்கள். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். எஞ்சிய தாள் தண்ணீரில் அழுகி இறாலுக்கு இரையாகும். பின்பு மதகைத் திறந்து வற்றுப்பெருக்கோடு வரும் இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு, ஏப்ரல் நடுப்பகுதி வரை வளர்த்துப் பிடிப்பார்கள்.

இந்த நெல் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் உவர் நிலத்துக்கென உருவாக்கிய ஏ.ரி. 354 என்னும் இனத்தின் பெற்றோரில் ஒன்று இந்தப் பொக்காளியே. உப்பேறிய வயலை விட்டு வந்தவர்களும், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று தம் வயலில் உப்பைக் கண்டவர்களும் இதனை மனத்திற் கொள்வது நல்லது.

அன்றிரவு வாழையிலையில் சிவந்த பொக்காளிச் சோறு, குடம்புளியிட்ட மீன்கறி, தேங்காய்ச் சொட்டோடு வறட்டிய இறால், வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் என்பவற்றைப் பரிமாறினார்கள். குடம்புளி வேறொன்றுமன்று, நாம் கொறுக்காய் என்று சொல்லுகின்ற அதே இனத்துப் புளிதான். "எங்கள் வயல் சோறு, அச்சன் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளவேண்டும்" என்று வீட்டுக்காரர் வற்புறுத்தினார். குருக்களை அச்சன் என்றழைப்பது அவர்களது வழக்கம். அவரது பேச்சில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது. பொக்காளி வயல்களின் பரப்பு முன்னைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. சேற்றில் இறங்க ஆள் கிடைப்பதில்லை. இறாலில் இலாபம் கூட என்பதனால் குத்தகைக்காரர் சிலர் நெற்காலம் வந்தபின்னும் உப்புநீரை வடிக்க மனங்கொள்வதில்லை. பக்கத்து வயலில் உப்புநீர் நின்றால் நெல் விதைப்பவர் பாடு திண்டாட்டம்.

பாலம் வருமுன்னும் வந்தபின்னும்

அவ்வீட்டின் மூத்தவரான அம்மச்சிதான் கடைசிப் படகைப் பற்றிப் பேச்செடுத்தார். அவரது இளமைக் காலத்தில் தீவுக்குப் பாலமில்லை. கடைசிப் படகு போய்விட்டால் வஞ்சி எனப்படும் சிறு வள்ளத்தையே நம்பவேண்டும். ஒரு மாரி இரவில் தம் தங்கைக்குப் பிரசவநோ கண்டபோது இரண்டு ஆண்கள் துழாவ, அவர் தங்கையின் தலையை மடியில் வைத்தபடி குடைபிடித்துக்கொண்டு எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தாராம். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். "எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை" என்று மட்டும் சொல்லி அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பாலம் வேண்டுமென்று தீவு மக்கள் நெடுங்காலம் கேட்டுவந்தனர். 1994-இல் கோஸ்ரீ தீவுகள் அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகியவற்றை நகரத்தோடு இணைக்கும் கோஸ்ரீப் பாலங்கள் 2004-இல் திறக்கப்பட்டன. அன்றிரவு நாம் திரும்பி வந்ததும் அப்பாலங்களின் வழியேதான். படகு அப்போது ஓய்ந்துவிட்டது. அம்மச்சி மழையில் கடந்த தண்ணீரை நாம் பஸ்ஸில் இருந்தபடியே கடந்தோம்.

ஆயினும் பாலம் வந்தபின்னும் படகு நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாலத்தில் வாகன நெருக்கடி ஏற்படுகிறது. தீவின் தென்முனையில் வசிப்பவருக்குப் படகே கிட்டிய வழி. எனவே பாலமா படகா என்று ஒன்றை மட்டும் கேட்டு நில்லாமல், இரண்டும் வேண்டும் என்று அம்மக்கள் நிற்கின்றனர்.

பாரந்தூக்கிகளின் நிழலில்

மாலையில் படகிலிருந்து கண்ட வல்லார்பாடம் இருவகையில் பெயர்பெற்றது. அங்கே இரட்சிப்பின் அன்னை என மக்கள் வணங்கும் தேவமாதா ஆலயம் உண்டு. 1752-ஆம் ஆண்டில் மீனாட்சியம்மா என்னும் இந்துப் பெண்ணொருவர் தம் குழந்தையோடு படகு கவிழ்ந்து காயலில் மூழ்கி, மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார் என்பது அங்கு வழங்கும் பாரம்பரியம். அதனால் இன்றும் எல்லாச் சமயத்தவரும் அங்கே வருகின்றனர். தண்ணீரைக் கடப்பவரின் அச்சமும் நன்றியும் அந்த ஆலயத்தில் குடிகொண்டிருக்கின்றன.

மற்றது 2011 பெப்ரவரியில் திறக்கப்பட்ட கொள்கலன் துறைமுகம். அதற்குச் செல்லும் வீதிக்கும் புகையிரதப் பாதைக்குமாக மூலம்பிள்ளி முதலிய ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பெப்ரவரி 6-ஆந் திகதி மூலம்பிள்ளியில் பொலிசார் காவல்நிற்க வீடுகள் இயந்திரங்களால் இடிக்கப்பட்டன. மக்கள் போராடினர். அடுத்த மாதமே அரசாங்கம் மறுவாழ்வுத் திட்டமொன்றை அறிவித்தது. மாற்றுக்காணி, வேலைவாய்ப்பு முதலியன வாக்களிக்கப்பட்டன. ஆனால் கொடுக்கப்பட்ட காணிகளுட் பல சதுப்பு நிலம். பலர் ஆண்டுகள் பல சென்றும் அங்கே வீடு கட்ட இயலாது வாடகை வீடுகளில் காலந்தள்ளினர்.

இதனைக் கேட்டபோது எமது நெஞ்சு கனத்தது. யுத்தம் எம்மவரை இடம்பெயர்த்தது. அங்கே அபிவிருத்தி என்ற பெயரில் ஒரு வீதி இடம்பெயர்த்தது. காரணம் வேறாயினும், முற்றத்தையும் தென்னையையும் இழந்த துயரம் ஒன்றே. துறைமுகம் நாட்டுக்கு வேண்டியதுதான். ஆனால் ஊருக்கு நன்மை என்று சொல்லப்படுவதன் பாரத்தை ஒரு சில ஏழைக் குடும்பங்களின் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது. காணி கையில் வந்து வீடு எழும்பும்வரை வாக்குறுதியை நம்பி இருந்துவிடக்கூடாது என்பதும் மூலம்பிள்ளி மக்கள் எமக்குக் கற்றுத்தரும் பாடம்.

மலிவும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்

மலிவான சேவை என்பதற்காகப் பழுதான படகில் மக்களை ஏற்றலாகாது. இதற்கும் அந்தக் காயலே சாட்சி. 2002 யூலை 27-ஆந் திகதி முகம்மையிலிருந்து குமரகம் நோக்கிச் சென்ற பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் உயிரிழந்தனர். அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுதச் சென்றவர்கள் பலர் அதில் இருந்தனர். 2015 ஓகஸ்ட் 26-ஆந் திகதி, ஓணத் திருநாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, வைப்பினுக்கும் போர்ட் கொச்சிக்கும் இடையே ஓடிய பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகொன்று மோதியதில் 11 பேர் மாண்டனர்.

எமது நாட்டிலும் 2021 நவம்பர் 23-ஆந் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த காலத்தில், ஆட்களை ஏற்றி இறக்கிய படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானதை நாம் மறக்கலாமா? பாலம் கட்டுபவர்கள், அது கட்டி முடியும்வரை மக்கள் எவ்வாறு பாதுகாப்பாகக் கடப்பார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைத்திருப்பது அலங்காரத்துக்கன்று. அதற்கு மேல் ஆளேற்ற முற்படும்போது, "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் கடமையும் கரையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

புதிய படகுகள்

கேரளத்தில் இப்போது புதுவகைப் படகுகள் வந்துள்ளன. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றும் சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது. அதன் பெயர் ஆதித்யா. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெற்றோ என்னும் சேவை ஆரம்பமானது. 10 தீவுகளை இணைக்க 38 இறங்குதுறைகளும் 78 படகுகளும் எனத் திட்டமிடப்பட்ட இதற்கு ஜேர்மன் அபிவிருத்தி வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட பெரிய படகுகள் 100 பேரை ஏற்றும். அவை பற்றரியால் ஓடுகின்றன. இறங்குதுறையின் மேடை மிதப்பதனால் நீர் ஏறினாலும் வற்றினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவரும், தலையிற் சுமையோடு வருபவரும் தடுமாறாமல் ஏறலாம். இது பாராட்டுக்குரியது.

ஆனால் அச்சேவை தொடங்கியபோதே அதன் ஆகக்குறைந்த கட்டணம் 20 ரூபா. நாள்தோறும் இருமுறை கடக்கும் கடைச் சிப்பந்திக்கு இந்த வேறுபாடு பெரிது. குளிரூட்டிய படகு வந்தது என்பதற்காகப் பழைய மலிவான படகை நிறுத்திவிட்டால், வசதி கூடியும் ஏழைக்கு வழி அடைபட்டுவிடும். இரண்டும் அருகருகே ஓடும்வரை தான் அது எல்லாருக்குமான துறைமுகம்.

எமது சங்கங்களில் கலந்துரையாட

மீள்குடியேற்றம் என்றதும் காணி, வீடு, கிணறு, விதைநெல் என்பவற்றை நாம் கேட்கிறோம். அவை முதன்மையானவை. ஆயினும் போக்குவரத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். விளைந்த நெல்லைச் சந்தைக்கும், பிள்ளையைப் பாடசாலைக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக வழியில்லாத இடத்தில் குடியேறியவர்கள் மறுபடியும் ஊரை விட்டு வெளியேறியதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் பின்வரும் வினாக்களைப் பேசிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

1. எமது ஊருக்கு வரும் கடைசிப் படகு அல்லது கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதனால் எந்தத் தொழிலும் படிப்பும் எமக்கு எட்டாமற் போகின்றன?

2. கடைசிச் சேவை போனபின் ஒருவருக்கு நோய் கண்டால் யாரிடம் வாகனமோ வள்ளமோ உண்டு? யாரைக் கூப்பிடுவது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியுமா?

3. படகின் நேரமும் பஸ்ஸின் நேரமும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிட்டால், எத்தனை பேர் எந்த நேரத்தில் பயணஞ் செய்கிறார்கள் என்று ஒரு கிழமைக்கு எண்ணிக் குறித்து, அதனை இணைத்துப் பிரதேச செயலாளருக்கு எழுதலாமா?

4. எமது படகில் உயிர்காப்பு அங்கிகள் உண்டா? எத்தனை? பிள்ளைகளுக்கேற்ற அளவில் உண்டா?

5. எமது காணிக்கூடாக ஒரு வீதியோ திட்டமோ வருமானால், மாற்றுக்காணியைக் கண்ணால் பார்த்து, மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்த்தபின் சம்மதிப்பது என்று நாம் ஒன்றாகத் தீர்மானிக்கலாமா?

இவற்றுள் மூன்றாவதற்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் ஒரு கிழமைப் பொறுமையுமே செலவு. எண்ணிக்கையோடு எழுதிய கடிதத்தைத் தட்டிக்கழிப்பது எந்த உத்தியோகத்தருக்கும் கடினம். முதலில் அதிலிருந்தே தொடங்குவோம்.